சனிக்கிழமை மேசையை மூடாதீர்கள்: நம் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற வாரம் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் படித்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை சமூகக்கூடத்தில் நடந்துவந்த 'புதியவர் உதவி மேசை' அடுத்த மாதத்திலிருந்து கிடையாது என்றும், அந்த அறைக்குக் கட்டிவந்த வாடகை இனிப் பொங்கல் விழாக் கணக்கில் சேரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரணத்துக்கு மூன்று வரிகள். வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தன்னார்வலர்களுக்கு நேரமில்லை. தகவல் எல்லாம் இணையத்திலேயே இருக்கிறது, மிச்சத்தைக் குழுவில் கேட்டால் யாராவது சொல்வார்கள். அறிவிப்புக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நான் போடவில்லை.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. குழுவிலேயே எழுதியிருப்பேன். ஆனால் அங்கே எதை எழுதினாலும் பத்து நிமிடத்தில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் பிரியாணி ஆர்டருக்கும் அடியில் போய்விடுகிறது. அதனால் பொதுவில் எழுதுகிறேன். உங்களில் பலரை நேரில் அறிவேன், யார்மீதும் தனிப்பட்ட கோபம் கிடையாது. முடிவு தவறு, அவ்வளவுதான்.

நான் திருநெல்வேலிக்காரி. அங்கே மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்கு இங்கே ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, படித்த வெளிநாட்டு வேலைக்காரர்களுக்குத் தரும் புளூ கார்டு என்ற அனுமதியில் குடும்பத்தோடு வந்தோம். மகள் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள், மகனுக்கு மூன்று வயது. சங்கம் என்று ஒன்று இருப்பதே அந்த மேசையால்தான் எனக்குத் தெரியும். அப்புறம்தான் பொங்கல் விழாவுக்கு வந்தேன்.

முதலில் 'இணையத்தில் இருக்கிறது' என்ற வரியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேட்பதற்கு நியாயமாக இருப்பது அதுதான். ஆமாம், இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தேட வேண்டுமானால், அப்படி ஒன்று இருக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது சமையலறையில் என்ன இருந்தது தெரியுமா? சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு தண்ணீர்க் குழாய், அடுப்புக்கான ஒரு தடித்த மின்கம்பி, ஓடு பதித்த சுவரில் பழைய அலமாரி இருந்த தடம். சிங்க் கூடக் கிடையாது. முன்பிருந்தவர் அடுக்களையையே கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார். இந்த நாட்டில் அது வழக்கம், வாடகைக்கு வருகிறவர் தன் அடுக்களையைத் தானே கொண்டுவர வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். பாளையங்கோட்டையில் வாடகை வீடு பார்த்துப் பழகியவளுக்கு எப்படித் தெரியும்? 'வீட்டில் சிங்க் இருக்குமா' என்று புறப்படும் முன் யாராவது கூகுளில் தேடுவார்களா? குளியலறை வாஷ்பேசினில் அரிசி களைந்து, படுக்கையறைத் தரையில் குக்கரை வைத்துச் சோறு வடித்தோம்.

அந்த மாதச் சனிக்கிழமை மேசைக்குப் போனபோது, நான் பேசி முடிப்பதற்குள் ஒரு மதுரைக்கார அண்ணன் போனை எடுத்துவிட்டார். அவர் அலுவலகத்தில் ஒருவர் வேறு ஊருக்கு மாறிப் போகிறார், அடுக்களையை விற்கிறார், வேன் ஏற்பாடு செய்யலாம் என்றார். அடுத்த வாரம் துளைபோடும் கருவியோடு வந்து அலமாரிகளை மாட்டிக் கொடுத்தார். அடுப்பில் மட்டும் கை வைக்கவில்லை. அதை எலக்ட்ரீஷியன்தான் இணைக்க வேண்டும், நாமே செய்து ஏதாவது ஆனால் காப்பீட்டில் சிக்கல் வரும் என்று சொல்லி ஆளையும் காட்டிவிட்டார். போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்: குக்கர் வைத்தால் ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடுங்கள், அரைகுறையாய்ச் சாய்த்து வைத்தால் மூலையில் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைப்பார். இதெல்லாம் எந்தத் தேடலில் வரும்?

முன்பணம் என்றதும் இன்னொரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. விமான டிக்கெட், சாமான் செலவு எல்லாம் போகக் கையில் இருந்ததைச் சுரண்டி மூன்று மாத வாடகையை ஒரே தவணையில் கட்டிவிட்டு, சம்பளம் வரும்வரை ரொட்டியும் பாலுமாக ஓட்டினார்கள். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைக்காரருக்கு உரிமை உண்டு என்று ஜெர்மன் சட்டத்திலேயே இருக்கிறது. அவர்கள் மேசைக்கு வந்தது அதற்கு அப்புறம்.

பணக் கணக்கு இன்னும் இருக்கிறது. பிள்ளைகளுக்கான மாதத் தொகை, கிண்டர்கெல்ட், 2025-இல் ஒரு பிள்ளைக்கு 255 யூரோ. புளூ கார்டில் வந்த குடும்பத்துக்கும் அது உண்டு. ஆனால் பழைய பாக்கியை, விண்ணப்பம் போட்ட மாதத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள். 'அதெல்லாம் இந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தானே' என்று நினைத்து ஒரு வருடத்துக்கு மேல் சும்மா இருந்த தம்பதியை மேசையில் பார்த்திருக்கிறேன். எட்டு மாதப் பணம், சுமார் இரண்டாயிரம் யூரோ, போனது போனதுதான். தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் முகவரிப் பதிவின்போது மதம் என்ற கட்டத்தில் கத்தோலிக்கர் என்று எழுதினார். உண்மையைத்தானே எழுதினார். வருமான வரியின் மேல் எட்டு சதவீதம் தேவாலய வரி பிடிப்பதைச் சம்பளச் சீட்டில் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. விரும்பிக் கட்டுகிறவர்கள் உண்டு, அது அவரவர் நம்பிக்கை. தெரியாமல் கட்டுவது வேறு.

இதெல்லாம் பணத்தோடு போய்விடும். பிள்ளைகள் விஷயம் அப்படி இல்லை.

என் மகளைச் செப்டம்பரில் நேராக நான்காம் வகுப்பில் சேர்த்தார்கள். ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. பவேரியாவில் நான்காம் வகுப்பு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள், ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய மூன்று பாடங்களின் சராசரி அதில் இருக்கும். 2.33 வரை இருந்தால், பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகும் பள்ளியான கிம்னாசியம். 2.66 வரை இருந்தால் நடுத்தரப் பள்ளியான ரியால்ஷூலே. அதற்கு மேல் போனால், தொழிற்பயிற்சிப் பக்கம் கொண்டுபோகும் மிட்டல்ஷூலே. பத்து வயதுப் பிள்ளையின் அடுத்த பாதையை மூன்று பாடச் சராசரி பிரிக்கிறது. அதுவும் இங்கே ஒன்றுதான் முதல் தரம், ஆறு கடைசி. நூற்றுக்கு நூறு என்ற உலகத்திலிருந்து வந்த என் அம்மாவிடம் 'கணக்கில் இரண்டு' என்று போனில் சொன்னபோது, 'நூத்துக்கா?' என்று பதறிவிட்டாள்.

மகளுக்குக் கணக்கில் 2, சூழ்நிலையியலில் 3, ஜெர்மனில் 4. கூட்டி வகுத்தால் 3.0. வகுப்பாசிரியர் கூப்பிட்டுப் பேசினார். நல்லவர், மகளுக்காகத் தனியாக நேரம் ஒதுக்கியவர். 'மிட்டல்ஷூலேதான் பொருத்தம்' என்றார். என் அரைகுறை ஜெர்மனில் தலையாட்டிவிட்டு வந்தேன். மிட்டல்ஷூலே போனால் வாழ்க்கை முடிந்துவிடாது. அங்கிருந்து நல்ல தொழிற்பயிற்சிக்குப் போகலாம், மேல்படிப்புக்கும் வழி உண்டு. நம் ஆட்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் கணக்கில் ஆர்வமாக இருக்கும் பிள்ளை, மொழி தெரியாத ஒரே காரணத்தால் ஒரு பாதைக்குத் தள்ளப்படுகிறாளே என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை மேசையில் இதைச் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்த அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்தவர், உங்களுக்கு யாரென்று தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பழைய கோப்பைப் புரட்டினார். 'பிள்ளை, உங்கட மகள் முதலாம் வகுப்பு இங்கயே படிச்சவ?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'அப்ப வேற கணக்கு' என்றார். தாய்மொழி ஜெர்மன் இல்லாத பிள்ளை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஜெர்மன் பள்ளியில் படிக்காத பிள்ளை என்றால், சராசரி 3.33 வரை இருந்தாலும் கிம்னாசியத்துக்குத் தகுதி என்று பள்ளி எழுதிக் கொடுக்கலாம். மதிப்பெண் குறைந்தது மொழியால்தான், அந்தக் குறை சரியாகிவிடும் என்று ஆசிரியர்கள் கருத வேண்டும். பவேரிய விதியிலேயே இருக்கிறது. அக்கா அதை அச்செடுத்து மஞ்சள் பேனாவால் கோடு போட்டு என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, 'யோசிக்காதேங்கோ, கதைக்கப் போகேக்க நானும் வாறன்' என்றார். வரவும் செய்தார்.

வகுப்பாசிரியர் அந்தத் தாளைப் பார்த்தார், தலைமையாசிரியரிடம் பேசினார், மற்ற ஆசிரியர்களோடு கலந்து பேசி எழுதிக் கொடுத்தார். யாரும் எங்களை எதிர்க்கவில்லை. கேட்டிருக்காவிட்டால் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். மகள் இப்போது கிம்னாசியத்தில் இருக்கிறாள். ஜெர்மனில் இன்னும் திணறுகிறாள், கணக்கில் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

நிர்வாகக் குழுவைக் கேட்கிறேன். இந்த விதியைத் தேட நான் எந்தச் சொல்லைப் போட்டிருக்க வேண்டும்? குழுவில் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அதையும் பார்த்திருக்கிறேன். போன வருடம் இதே மாதிரி ஒரு அப்பா கேட்டார். மூன்று பேர் 'ஆல் தி பெஸ்ட் ப்ரோ' என்றார்கள், ஒருவர் 'பேசாமல் தனியார் இன்டர்நேஷனல் ஸ்கூலில் போடுங்கள்' என்றார். அந்தப் பள்ளியின் கட்டணம் அவர் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும் என்பது சொன்னவருக்குத் தெரியவில்லை.

அந்த வாட்ஸப் குழுவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அதில் சேர ஆண்டுச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று நீங்களே விதி வைத்திருக்கிறீர்கள். நேற்று வந்து இறங்கியவர், வங்கிக் கணக்குகூடத் திறக்காதவர், சந்தா கட்டிக் குழுவில் சேர்ந்து, அங்கே இருக்கும் நானூறு பேர் முன்னால் தன் கஷ்டத்தைக் கேட்க வேண்டும். அந்த நானூறு பேரில் அவருடைய மேலாளர் இருப்பார், வீட்டுக்காரரின் சிநேகிதர் இருப்பார், ஊரில் அவர் மாமனாருக்குத் தெரிந்தவர் இருப்பார். அங்கே கேட்க முடிந்த கேள்வி 'கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும்' என்பது மட்டும்தான். அதற்குப் பதில் உடனே வருகிறது, மறுக்கவில்லை.

கேட்க முடியாத கேள்விகள் எவை என்று மேசைப் பக்கம் வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வேலை போய்விட்டது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை, விசா என்னாகும் என்று ஒருவர். இரண்டு மாதமாகத் தினமும் அழுகிறேன், காரணம் தெரியவில்லை என்று ஒரு பெண். கணவர் கை நீட்டுகிறார் என்று இன்னொருத்தி. அவளுக்கு ஊரில் பேச ஆளில்லை, இங்கே மொழி தெரியாது, கார்டு கணவரை ஒட்டித்தானே என்ற பயம் வேறு. இந்த நாட்டில் பெண்களுக்கு எதிரான வன்முறைக்கென்று 116016 என்ற இலவச எண் இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அக்கா அவளை மேசையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், கூடத்தின் அடுக்களையில் தேநீர் போடுவது மாதிரி நின்று பேசிக்கொண்டிருந்தார். அந்த அடுக்களையையும் சேர்த்துத்தான் நீங்கள் வாடகை மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கணவருக்கு அலுவலகம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. கூட வந்தவளுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் யோசித்தது உண்டா? டிசம்பரில் நாலரை மணிக்கு முன்னாலேயே வெயில் போய்விடும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், கிரைண்டர் ஓட்டினால் கீழ்வீட்டுப் பாட்டி கதவில் சீட்டு ஒட்டுவார். புளூ கார்டுக்காரரின் மனைவி வந்த நாளிலிருந்தே வேலை பார்க்கலாம், சட்டம் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினொரு வருடம் பிளஸ் டூ கணக்கு எடுத்தவளின் சான்றிதழை இங்கே ஆசிரியர் வேலைக்கு ஏற்க, இரண்டாவது பாடம் வேண்டும், ஜெர்மனில் உயர்நிலைத் தேர்ச்சி வேண்டும். அறுநூறு மணி நேர மொழி வகுப்பும் நூறு மணி நேர அறிமுக வகுப்பும் முடித்தால் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சிக்கு வரலாம், அதிலிருந்து அங்கே போக இன்னும் தூரம். இந்த நீண்ட இடைவெளியில் வீட்டாரைத் தவிர வேறு யாரோடும் முகம் பார்த்துத் தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த மேசை. 'கலந்துரையாடல் நிகழ்ச்சி' என்று பெயர் வைத்து இதற்கு நீங்கள் ஒரு விழா எடுத்திருந்தால் போஸ்டர் அடித்திருப்பீர்கள்.

எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இன்றும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அக்காவின் கையெழுத்து, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது, ஓரத்தில் எண்ணெய்க் கறை. 'உயிருக்கு ஆபத்தெண்டால் 112. இரவில், ஞாயிறில் வைத்தியர் 116117.' அதற்குக் கீழே எங்கள் முகவரியை ஜெர்மன்காரருக்குப் புரியும்படி எழுத்துக்கூட்டிச் சொல்லும் முறை, தமிழ் எழுத்தில். பதற்றத்தில் தெருப் பெயர் வாயில் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகனுக்கு நடுராத்திரி நாற்பது டிகிரி காய்ச்சல் அடித்தபோது அதைப் பார்த்துப் படித்துத்தான் பேசினேன். நம் ஊரில் இரவு பத்து மணிக்குக்கூடத் தெருமுனை டாக்டரிடம் ஓடலாம். இங்கே எந்த எண்ணை எதற்கு அழைப்பது என்று தெரியாதவர்கள் ஒன்று ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள், இல்லை விடியும்வரை ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன குளிர்காலத்தில் அப்படி உட்கார்ந்திருந்த குடும்பம் ஒன்று நம் சங்கத்துப் பொங்கலில் முன்வரிசையில் இருந்தது.

அப்புறம் கர்ப்பிணிகள். அம்மாவுக்கு விசா கிடைக்காமல் தனியாகப் பிள்ளை பெற்றுக்கொண்ட தங்கைகள் நம்மிடையே எத்தனை பேர்? பிரசவத்துக்குப் பின் பன்னிரண்டு வாரம் வரை மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார், அரசுக் காப்பீடே அதற்குப் பணம் கட்டும். ஆனால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஆளைப் பிடித்து வைக்க வேண்டும். எட்டாம் மாதத்தில் வந்து கேட்ட பெண்ணுக்காக மேசையில் நான்கு பேர் நான்கு போனில் உட்கார்ந்து ஒரு மருத்துவச்சியைத் தேடிப் பிடித்தார்கள். வருகிறவர்கள் குறைவு என்கிறீர்களே, அன்றைக்கு வந்தது அந்த ஒரு பெண்தான்.

எண்ணிக்கையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் ஆள் குறைவுதான். ஊரில் பள்ளி முடிந்து கோடையில் வந்து இறங்கும் குடும்பங்களுக்குச் செப்டம்பரிலிருந்து ஜனவரி வரைதான் நெருக்கடி, அப்போது நாற்காலி போதாது. நீங்கள் எந்த மாதத்துக் கணக்கை வைத்து முடிவெடுத்தீர்கள்? 2024 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மோடி டெல்லியில் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும்: திறன்பெற்ற இந்தியர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக ஜெர்மனி உயர்த்துகிறது என்றார். இன்னும் ஆட்கள் வரப்போகிறார்கள், நாம் கதவைச் சாத்துகிறோம்.

தன்னார்வலர்கள் களைத்துவிட்டார்கள் என்பது உண்மை. அதை நான் மறுக்க மாட்டேன். ஆண்டுக்கணக்கில் அதே இரண்டு மூன்று பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் உதவி பெற்றுப் போனவர்களிடம் 'நீங்கள் வந்து உட்காருகிறீர்களா' என்று சங்கம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறதா? என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்த அக்காவிடமாவது மூடுவதற்கு முன் கேட்டீர்களா? அவருக்கும் வாட்ஸப்பில்தான் தெரிந்தது. ஊரே எரிந்து, ஒரு பையோடு வந்து, முகாம்களில் காத்துக் கிடந்த தலைமுறை அவருடையது. கையைப் பிடித்துக் கூட்டிப்போக யாருமில்லாமல் இந்த நாட்டைத் தாங்களே படித்து, பிள்ளைகளுக்கு ஊர் ஊராகத் தமிழாலயம் என்ற தமிழ்ப் பள்ளிகளை நடத்தி, ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் வரைக்கும் கட்டியெழுப்பியவர்கள். நாமோ லேப்டாப் பையோடும் சம்பள ஒப்பந்தத்தோடும் விமானத்தில் வந்தோம். நமக்காக அவர் ஒவ்வொரு மாதமும் ரயில் ஏறி வந்தார். உங்கள் அறிவிப்பில் அவருக்கு ஒரு நன்றி வரி கிடையாது. மற்ற எதையும்விட அதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

பொங்கல் விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகள் அந்த மேடையில் கும்மியடித்தாள், அவளை அத்தனை சந்தோஷமாக நான் அந்த வருடம் வேறெங்கும் பார்க்கவில்லை. ஆனால் விழா வரவர எப்படி ஆகிவிட்டது? சென்னையிலிருந்து பாடகர், அவருக்கு விமான டிக்கெட், ஓட்டல், ஒலி ஒளி, முன்வரிசைக்குத் தனி டிக்கெட். மேசைக்கு ஆவது மாதம் ஒரு அறை வாடகை, ஒரு பொட்டலம் பிஸ்கட், ஒரு பிளாஸ்க் டீ. வருடம் முழுவதற்குமான அந்தச் செலவு மேடை விளக்குச் செலவுக்குக்கூட ஈடாகாது என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் கணக்கைக் காட்டித் திருத்துங்கள்.

நம் சங்கம் பதிவு பெற்ற சங்கம். பொதுநலச் சங்கம் என்ற பெயரில் வரிச்சலுகை வாங்குகிறோம், நன்கொடைக்கு ரசீது தருகிறோம். அந்தச் சலுகை, விதிமுறையில் எழுதிய நோக்கங்களுக்குப் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது. நம் விதிமுறையின் இரண்டாவது பிரிவில் 'புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் இந்நாட்டு வாழ்வில் இணைய உதவுதல்' என்று இருக்கிறது. நட்சத்திர இரவைப் பற்றி எங்கும் இல்லை. பதிவின்போது அதை எழுதியவர்களில் இருவர் இன்றும் உங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவைதான். மேசையை மூடும் முடிவை உடனே நிறுத்திவையுங்கள். அடுத்த பொதுக்குழு கூடி உறுப்பினர்கள் வாக்களிக்கும்வரை, குறைந்தபட்சம் இந்தச் செப்டம்பரிலிருந்து ஜனவரி முடியும்வரை, அது வழக்கம்போல் நடக்கட்டும். கடந்த இரண்டு ஆண்டுகளில் மேசைக்கு ஆன செலவையும் பொங்கல் விழாவுக்கு ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள்.

ஆள் பற்றாக்குறைக்கு வழி இருக்கிறது. மேசையால் பயன்பெற்ற ஏழு பேரிடம் பேசிவிட்டேன், சுழற்சி முறையில் மாதம் இருவர் உட்காரத் தயார், நானும் அதில் ஒருத்தி. பொறுப்பை எங்களிடம் கொடுங்கள். அக்கா விரும்பினால் வரட்டும், விரும்பாவிட்டால் ஓய்வெடுக்கட்டும், அதை அவரிடம் நேரில் போய்க் கேட்டு, இத்தனை வருடத்துக்கும் சங்கத்தின் பெயரில் நன்றி சொல்லுங்கள்.

வந்து ஒரு வருடம் ஆகாதவர்களுக்குச் சந்தா இல்லாமல் தனிக் குழு ஒன்று திறக்க வேண்டும், அதன் பொறுப்பில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். அக்காவின் கோப்பில் உள்ளவற்றை, பள்ளி மாற்ற விதி, கிண்டர்கெல்ட், இரவு மருத்துவர் எண், மருத்துவச்சி, முன்பணம், மதக் கட்டம் உட்பட, தமிழில் ஒரு கையேடாக்கி ஆண்டுதோறும் ஜனவரியில் திருத்தி, திருத்திய தேதியோடு வெளியிட ஒருவரை நியமியுங்கள். விதிகள் மாறும், பழைய தாளை நம்பி யாரும் ஏமாறக் கூடாது.

இந்த மாத இறுதிக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன், தனிச்செய்தியாக வேண்டாம், எல்லோரும் படிக்கும்படி குழுவிலேயே போடுங்கள். பதில் வராவிட்டால், உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் காரணத்தோடு எழுதிக் கேட்டால் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்ற ஜெர்மன் சிவில் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி, அல்லது நம் விதிமுறை வேறு அளவு சொன்னால் அதன்படி, கையெழுத்து வாங்கத் தொடங்குவோம். அந்த நிலைமைக்குப் போகாமல் நீங்களே கூட்டிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இப்படிக்கு,
சந்தா கட்டும் உறுப்பினர் ஒருத்தி